முதுகு பிரேஸுக்கு மெடிகேர் பணம்: ஒரே பட்டைக்கு இரண்டு பில் கோடு ஏன்?

அமெரிக்க அரசின் முதியோர், ஊனமுற்றோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் முதுகு பிரேஸ் (முதுகைத் தாங்கும் பட்டை) பார்ட் பி என்ற பிரிவில் அடங்கும். ஆண்டு டிடக்டிபிளை, அதாவது முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை (2025-இல் 257 டாலர்) கட்டிய பிறகு, மெடிகேர் ஏற்கும் விலையில் 80 சதவீதம் அவர்கள் பொறுப்பு, 20 சதவீதம் நம் பொறுப்பு. பில் திரும்பி வந்தால் முதலில் அதிலுள்ள கோடை (பொருளின் வகையைக் குறிக்கும் குறியீட்டு எண்ணை) பாருங்கள்.

2014 ஜனவரி 1 முதல் ஆயத்தமாக வரும் பிரேஸ்கள் பலவற்றுக்கு இரட்டைக் கோடு உண்டு. முன்னும் பின்னும் விறைப்பான பலகை உள்ள இடுப்புப் பிரேஸ் எல்0631 ஆகவும் இருக்கலாம், எல்0648 ஆகவும் இருக்கலாம். பக்கவாட்டு அசைவையும் தடுக்கும் வகைக்கு எல்0637, எல்0650. பொருள் ஒன்றேதான், கொடுக்கும்போது அதில் என்ன வேலை செய்தார்கள் என்பதுதான் கோடைத் தீர்மானிக்கிறது. பலகையை வெட்டியோ வளைத்தோ சூடாக்கி வடிவம் மாற்றியோ தேர்ச்சி பெற்றவர் நோயாளியின் உடலுக்குப் பொருத்தினால் முதல் கோடு. வார்களை இறுக்கிக் கட்டியதோடு சரி என்றால், கட்டியவர் சான்று பெற்ற ஆர்த்தோட்டிஸ்டாகவே (பிரேஸ் பொருத்தும் நிபுணராகவே) இருந்தாலும் இரண்டாவது கோடுதான். இங்கேதான் சப்ளையர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ‘பொருத்திக் கொடுத்தோம்’ என்று எழுதினால் போதாது. எந்தப் பகுதியை, எதற்காக, எப்படி மாற்றினார்கள் என்பது கோப்பில் இருக்க வேண்டும்.

எல்0648, எல்0650 இரண்டுக்கும் 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் முன் அனுமதி கட்டாயம். ஆர்டர் எழுதிய தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் டாக்டர் நேரில் பார்த்திருக்க வேண்டும். பிரேஸ் கைக்கு வருமுன்பே எழுத்து ஆர்டரும் சப்ளையரிடம் சேர்ந்திருக்க வேண்டும். கிடைத்த அனுமதி 60 நாள் செல்லும். காத்திருக்க முடியாத அவசரம் என்றால் பில்லில் கோடோடு எஸ்டி மாடிஃபையர் (அவசரம் என்று காட்டும் கூடுதல் குறி) போட்டு உடனே கொடுக்கலாம், ஆனால் அப்படி வரும் பில்களில் பாதியைப் பணம் தருமுன் சோதிப்பார்கள். (தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களின் அனுமதி விதி தனி, அவர்களையே கேளுங்கள்.)

டாக்டர் குறிப்பில் ‘முதுகு வலி’ என்று மட்டும் இருந்தால் பயனில்லை. உடற்பகுதியின் அசைவைக் கட்டுப்படுத்தி வலி குறைக்க, காயம் ஆற, அறுவை சிகிச்சைக்குப் பின் ஆற, தளர்ந்த தசைக்கோ கோணிய முதுகெலும்புக்கோ தாங்கலாக: இந்த நான்கில் ஒன்றாவது தெளிவாக வேண்டும். இடுப்பு வலிக்கான பழைய எம்54.5 நோய்க் கோடு 2021 அக்டோபரிலேயே போய்விட்டது. அதை இன்னும் எழுதினால் பில் நிராகரிக்கப்படும்.

வெறும் எலாஸ்டிக் பெல்ட்டுக்கு (ஏ4467) பணமே கிடையாது. மேலே சொன்ன ஆயத்த வகைகளில் மாடல் பெயர் பி.டி.ஏ.சி. (எந்தப் பொருளுக்கு எந்தக் கோடு என்று மெடிகேருக்காகச் சரிபார்க்கும் அமைப்பு) பட்டியலில் இல்லாவிட்டால் அதுவும் ஏ9270, அதாவது காப்பீடு இல்லாத பொருள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது சிகிச்சைக்காகப் போட்ட பிரேஸ் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். தனி பில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

‘இலவசமா பிரேஸ் அனுப்புறோம்’ என்று போனில் கேட்பவர்களிடம் மெடிகேர் எண்ணைச் சொல்லாதீர்கள். 2019-இல் நீதித்துறை 24 பேர்மேல் வழக்குத் தொடுத்தது இப்படிப்பட்ட 120 கோடி டாலர் மோசடிக்குத்தான். அந்தப் பார்சலை வாங்கி வைத்தால், உண்மையாகத் தேவைப்படும் நாளில் ‘ஏற்கெனவே இதேபோல் ஒன்று கொடுத்தாகிவிட்டது’ என்று மறுப்பு வரலாம். பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

மறுப்பு வந்தால் கடிதம் கிடைத்த 120 நாளுக்குள் முதல் முறையீடு. டாக்டர் குறிப்பு, ஆர்டர், பெற்றுக்கொண்ட கையெழுத்து, பொருத்திய விவரம், மாடல் எண் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.