பாலிசி எடுக்கும்போது மறைத்தது, கேஸ் ஷீட்டில் வந்து நிற்கும்

மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் மருத்துவராக வேலை பார்க்கிறேன். கேஷ்லெஸ் (இன்சூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) விண்ணப்பங்களில் நோயாளியின் நோய் விவரத்தைச் சரிபார்த்து அனுப்புவதும், கம்பெனிகள் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. சமீபத்தில் 27 வயது இளைஞர் ஒருவர் கடுமையான மூச்சுத்திணறலோடு வந்து ஐசியூவில் சேர்ந்தார். நன்றாகத் தேறி வீட்டுக்கும் போய்விட்டார். கிளெய்ம்தான் நிராகரிக்கப்பட்டது. 5 லட்ச ரூபாய் பாலிசி, பிரீமியத்தை ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் கட்டியவர். ஆனால் பாலிசி கேட்டு நிரப்பும் புரபோசல் ஃபார்மில் ‘ஆஸ்துமா உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் போயிருக்கிறது. அவருடைய சட்டைப் பையில் இன்ஹேலர் இருந்தது.

இது எப்போதாவது நடப்பது என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள், முதல் சம்பளத்தில் பொறுப்பாகப் பாலிசி எடுத்தவர்கள், ஒரே மாதிரி வந்து மாட்டுகிறார்கள். தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), வலிப்பு, சின்ன வயதில் செய்த இதய ஆபரேஷன், மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மாத்திரை என்று ஏதோ ஒன்று ஃபார்மில் விடுபட்டிருக்கிறது. விசாரித்தால், “ஏஜென்ட் அதெல்லாம் போட வேண்டாம்னு சொன்னார்”, “அப்பாதான் ஃபில் பண்ணினார்”, “ஆன்லைன்ல எல்லாத்துக்கும் நோ கொடுத்தாத்தான் சீக்கிரம் முடியும்னு நினைச்சேன்” என்பார்கள். யார் நிரப்பியிருந்தாலும் சம்மதம் கொடுத்தது நீங்கள். உங்கள் மொபைலுக்கு வந்த ஓடிபியைச் சொன்ன நிமிடமே அந்தப் பதில்கள் எல்லாம் உங்களுடையவை ஆகிவிடுகின்றன.

“நாம சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பவர்களுக்காக, அது எப்படித் தெரியவருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். டியூட்டி டாக்டர் வந்து, “இதுக்கு முன்னாடி ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்கிறார். உங்களால் பேச முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் அம்மா, “சின்ன வயசுலேர்ந்தே வீசிங் உண்டுங்க டாக்டர், மார்கழி வந்தா ரொம்பப் படுத்தும்” என்று சொல்கிறார். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதுகிறார். எழுதத்தான் வேண்டும், எந்த மருந்து கொடுப்பது என்பதே அதை வைத்துத்தான். அந்தப் பக்கத்தின் நகல் கம்பெனிக்குப் போகிறது. அங்கிருந்து, “முதன்முதலில் எப்போது வைத்தியம் பார்த்தீர்கள், பழைய பிரிஸ்கிரிப்ஷன்களை அனுப்புங்கள்” என்று கேள்வி வருகிறது. துப்பறிய ஆள் எல்லாம் அனுப்ப வேண்டியதில்லை.

அப்புறம் குடும்பத்தோடு என் அறைக்கு வருவார்கள். “டாக்டர், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க.” எடுக்க முடியாது. கேஸ் ஷீட் சட்டப்படி பாதுகாக்க வேண்டிய ஆவணம். ராத்திரி டியூட்டிக்கு வரும் டாக்டர் அதைப் படித்துத்தான் உங்களுக்கு மருந்து போடுவார். அழுகிற தாயிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. தயவுசெய்து அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

“மாத்திரை போட்டா ரிசல்ட் நார்மலா வருதே, அது எப்படி நோயாகும்?” என்பது தைராய்டுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. மாத்திரையால்தான் நார்மலாக இருக்கிறது என்றால் நோய் இருக்கிறது என்றுதான் பொருள். பாலிசி தொடங்கும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு நோய் கண்டறியப்பட்டிருந்தாலோ, அதற்கு மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ கொடுத்திருந்தாலோ அது ‘முன்பே இருந்த நோய்’. கட்டுக்குள் இருக்கிறதா இல்லையா என்பது இந்த வரையறையிலேயே கிடையாது. ஃபார்மில் கேட்கும் கேள்வி இன்னும் பின்னோக்கிப் போகலாம். ‘எப்போதாவது’ என்று கேட்டிருந்தால் பத்து வருடத்துக்கு முந்தையதையும் எழுதுங்கள்.

இன்னொரு கூட்டம், “அஞ்சு வருஷம் தாண்டிட்டா அவங்களால எதையும் கேட்க முடியாது” என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. யூடியூபில் பாதி கேட்டுவிட்டு வந்த பேச்சு இது. 2024இல் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ விதிகளை மாற்றியது உண்மைதான். முன்பு 8 வருடமாக இருந்த மாரட்டோரியம் காலம் இப்போது 60 மாதம். அவ்வளவு காலம் தொடர்ந்து புதுப்பித்து வந்தால், நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்கக் கூடாது. ஆனால் அதே விதி, மோசடி நிரூபிக்கப்பட்டால் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. தெரிந்தே மறைத்துவிட்டு அந்தப் பாதுகாப்பை நம்பி உட்கார்ந்திருப்பது சரியான யோசனையா? அந்த 60 மாதமும் உங்கள் உடம்பு காத்துக்கொண்டிருக்கும் என்று யார் சொன்னது? சர்க்கரை நோயையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் பாலிசி எடுத்த ஒருவரின் வழக்கில், கிளெய்மை மறுத்தது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2009இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் என்னதான் ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம். அந்த ஒரு நோய்க்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும் அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். இதுவும் 2024இல் குறைந்ததுதான், முன்பு 48 மாதம். சில கம்பெனிகள் மறுக்கலாம், அப்போது வேறு கம்பெனியில் கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்டுவிட்டால் விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. டெங்கு, அப்பெண்டிக்ஸ், நிமோனியா போன்றவற்றுக்கு 30 நாள் கழித்து உண்டு. உங்கள் வயதில் ஆட்களை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இவைதான். மறைத்தவருக்கோ சம்பந்தமே இல்லாத கிளெய்மிலும் பிரச்சினை வரலாம். கால் எலும்பு முறிந்து வந்தவரின் தைராய்டு மாத்திரையைக் காட்டி பாலிசியையே ரத்து செய்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, முறையீட்டில் ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கட்டுப்போட்ட காலோடு யார் அலைவது?

மனநலச் சிகிச்சையை மறைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கிடைப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கிடைக்க வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுதுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். மலிவான பாலிசி தேடுவதில் தப்பே இல்லை. அது எதனால் மலிவு என்று தெரிந்து வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது ரூம் ரென்ட் உச்சவரம்பு. 5 லட்சம் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று இருக்கிறது. நீங்கள் 10,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறீர்கள். கூடுதலாக 20,000 கைக்காசு போகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அறை வகைக்கு ஏற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனையாக இருந்தால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில், அதாவது பாதியைத்தான் கம்பெனி கொடுக்கும். அவை 1,20,000 ரூபாய் என்றால் அதில் 60,000 உங்கள் தலையில். அறைக்கான 20,000 சேர்த்து 80,000. மருந்து, டெஸ்ட், இம்ப்ளான்ட் ஆகியவற்றில் இப்படிக் குறைக்கக் கூடாது என்பது மட்டும்தான் ஆறுதல். டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்டரில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ‘சிங்கிள் பிரைவேட் ரூம்’ என்று அறை வகையைச் சொல்லும் பாலிசியோ, வரம்பே இல்லாத பாலிசியோ எடுங்கள்.

அடுத்தது கோ-பே. ஒவ்வொரு பில்லிலும் 10 அல்லது 20 சதவீதம் நீங்கள் கட்ட ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். இளவயதில் அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

பட்டியலிட்ட நோய்களுக்கான காத்திருப்பையும் படியுங்கள். சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், ஹெர்னியா, மூலம், சைனஸ், டான்சில் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம். பாலிசி எடுத்த பிறகு புதிதாக வந்திருந்தாலும் இதே விதிதான். 25 வயதில் கல் வலியோடு வந்து துடிப்பவர்கள் ஏராளம். பிரசவத்துக்கான காத்திருப்பு வேறு, அது பாலிசிக்குப் பாலிசி மாறும். கல்யாணம் நிச்சயமான பிறகு தேடாதீர்கள்.

கம்பெனி வேலையில் இருப்பவர்கள், “எனக்குத்தான் ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கே” என்பார்கள். நல்லது. வேலை போனால் அதுவும் போகும். விலகும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம், கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். எச்ஆரிடம் வெளியேறும் முன்பே கேளுங்கள். அதைவிட, உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்றைத் தொடங்கி வைத்துக்கொள்வது மேல். கையில் பணம் குறைவு என்றால் 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசியும், அதற்கு மேல் வரும் செலவுக்கு 5 லட்சம் டிடக்டிபிள் (அதுவரையிலான செலவை அந்தப் பாலிசி கொடுக்காது) உள்ள சூப்பர் டாப்-அப்பும் சேர்த்து எடுத்தால், பெரிய தொகைக்கான ஒற்றைப் பாலிசியைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும். அப்பா அம்மாவை உங்கள் ஃப்ளோட்டரில் (குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையாக எடுக்கும் பாலிசி) சேர்க்காதீர்கள், மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் ஏறும். அவர்களுக்குத் தனியாக எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பிரீமியத்துக்கான வருமான வரிச்சலுகைக்காக மட்டும் வாங்குகிறவர்கள், பழைய வரி முறையில் இருந்தால்தான் அது கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பாலிசி பிடிஎஃப் மெயிலில் வந்ததும் திறந்து பாருங்கள். உங்கள் புரபோசல் ஃபார்மின் நகலும் அதோடு இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பதிலையும் வாசியுங்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு.

ஏற்கெனவே எதையாவது மறைத்துவிட்டீர்களா? இன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போடுங்கள். என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மருந்து என்று எழுதி, பழைய சீட்டுகளை இணையுங்கள். பிரீமியத்தைக் கூட்டலாம், அந்த நோய்க்குப் புதிதாகக் காத்திருப்பு வைக்கலாம், ரத்துகூடச் செய்யலாம். ஆரோக்கியமாக நடமாடும்போது ரத்தானால் வேறு பாலிசி தேட நேரம் இருக்கிறது. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லியும் கிளெய்மை மறுத்தார்கள் என்றால் விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனியின் இறுதிப் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போகும்போது புரபோசல் ஃபார்ம் நகலையும், மறுப்புக் கடிதத்தையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப்போங்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் எங்களிடம் எழுதிக் கேளுங்கள், கொடுப்போம்.