ஒரே மரம், இரண்டு நிறம்

புதிதாகச் செய்த தேக்கு வெனீர் அலமாரி. இரண்டு கதவுகளிலும் மரவரிகள் கண்ணாடியில் பார்த்தாற்போல எதிரெதிரே விரிந்திருந்தன. ஆனால் இடது கதவு தேன் நிறம், வலது கதவு கறுப்பு தட்டியிருந்தது. "பாலிஷ்ல கோட்டை விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். ஆசாரி என்னை ஜன்னல் பக்கம் நகரச் சொன்னார். "இப்பப் பாருங்க சார்." வலது வெளுத்து, இடது கறுத்திருந்தது!

வெனீர் என்பது அறுத்த பலகை அல்ல, சீவிய ஏடு. அடிமரத்தை நெடுக்காகப் பிளந்து, வெந்நீரிலோ நீராவியிலோ வைத்து இளக்குகிறார்கள். பிறகு ஒரு நீளமான கத்தி சுமார் அரை மில்லிமீட்டர் கனத்தில் ஏடு ஏடாகச் சீவும். வாளால் அறுத்தால் வாளின் கனத்துக்கு மரம் தூளாகப் போகும். கத்தியில் அந்தச் சேதாரம் இல்லை. ஒரு அங்குலக் கட்டையில் கணக்குப்படி 50 ஏடு கிடைக்கும்.

ஏடு கத்தியின் மேல் வளைந்து வெளியேறும்போது, கத்தியைத் தொட்ட முகம் இழுபட்டு அதில் நுண்ணிய வெடிப்புகள் விழும். மறுமுகம் இறுக்கமாகவே இருக்கும். சீவிய ஏடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கிக் கட்டுவார்கள். வரிசை குலைந்தால் வரிகளைச் சேர்ப்பது பெரும்பாடு. அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம்போல் விரித்து ஒட்டினால் வரிகள் எதிரெதிரே பொருந்தும். ஆனால் ஒன்று முகத்தைக் காட்டும்போது மற்றது முதுகைக் காட்டும். மரநார்கள் சற்றே சாய்ந்திருப்பவை. ஏட்டைப் புரட்டினால் சாய்வும் திசை மாறிவிடும். வெல்வெட் துணியை இப்படித் தடவினால் பளபளப்பு, அப்படித் தடவினால் இருட்டு என்று தெரியுமல்லவா, அதே கதைதான். போதாததற்கு, வெடிப்பு விழுந்த முகம் சாயத்தையும் கூடுதலாகக் குடிக்கும். இது வேண்டாமென்றால் ஏட்டைப் புரட்டாமல் பக்கத்தில் பக்கமாக ஒட்டச் சொல்லலாம். நிறம் ஒத்துப்போகும், எதிரெதிர்க் கோலம் கிடைக்காது.

"வெனீர்னா ஏமாத்து வேலைதானே?" என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எகிப்தில் தீப்ஸ் நகரத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியத்திலேயே பசையால் மர ஏடு ஒட்டும் தச்சர்கள் இருக்கிறார்கள். அதற்கு வயது சுமார் 3,400 ஆண்டு. நல்ல மரம் அரிதான நாட்டில் அது சிக்கனம். ஆனால் சிக்கனம் மட்டுமே காரணமல்ல. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையங்களின் போக்கில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி, நீளவாட்டில் சொல்லும்படி ஒன்றுமில்லை. காய்ந்த பிறகும் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அகலமான முழுப் பலகை கோணிக்கொள்வது இந்த ஏற்றத்தாழ்வால்தான். வெனீருக்கு அடியில் இருக்கும் பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கும் அடுத்ததற்குக் குறுக்கே படுத்து அந்த அசைவைக் கட்டிப்போடுகிறது. மேலே ஒட்டிய மெல்லிய ஏட்டுக்குத் தனியாக இழுத்துக்கொண்டு போகப் பலம் போதாது.

ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் கதை வேறு. பசையின் ஈரத்தில் ஏடு குறுக்குவாட்டில் உப்பி, காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். கதவு கிண்ணம்போல் குழியும். "உள்பக்கத்துக்கு எதுக்குக் காசு, யார் பார்க்கப் போறாங்க?" என்று நான் முன்பு பேரம் பேசியதை ஆசாரி மறக்கவில்லை. கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த விலை குறைந்த வெனீரைத் தட்டிக் காட்டினார்.