குருட்டு நகலா, மறைநகலா?

“குருட்டு நகலில் உள்ளவர்கள் ‘அனைவருக்கும் பதில்’ பொத்தானைப் பயன்படுத்த வேண்டாம்.” போன வாரம் எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையில் வந்த வரி இது. மின்னஞ்சலின் பிசிசிக்கு (BCC) வைத்திருக்கும் இந்தக் குருட்டு நகலை முன்பும் சில இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

மின்னஞ்சலில் பெறுநருக்குக் கீழே சிசி, பிசிசி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சிசி என்பது கார்பன் காப்பி. இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்தால் மேலே எழுதுவதை அடித்தாளிலும் பதிக்கும் கார்பன் தாளுக்கு ரால்ஃப் வெட்ஜ்வுட் இங்கிலாந்தில் 1806-இல் காப்புரிமை பெற்றார். தட்டச்சுப்பொறி வந்தபின் அது எல்லா அலுவலகத்துக்கும் போயிற்று. யார் யாருக்கு நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் அடிப்பார்கள். ஒருவருக்கு மட்டும் கமுக்கமாகப் போகவேண்டுமென்றால், தட்டச்சர் மேல்தாளை உருவிவிட்டு, அடித்தாளில் மட்டும் அவர் பெயரை அடிப்பார். அசலைப் பெற்றவருக்கு அது தெரியவே தெரியாது. இதுதான் பிசிசி, முன்னால் நிற்கும் பி, பிளைண்ட். 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதித்தொகுப்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கரியும் போய்த் தாளும் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

சரி, இதில் குருடு எங்கே வந்தது? ஆங்கிலத்தில் பிளைண்ட் என்ற சொல், பார்க்க முடியாதவரையும் குறிக்கும், பிறர் கண்ணில் படாததையும் குறிக்கும். தமிழில் ‘குருட்டு’ அப்படி இரண்டு பக்கமும் வேலை செய்யாது. குருட்டு நம்பிக்கை, குருட்டுப் பாடம், குருட்டு அதிர்ஷ்டம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்: பார்க்காமல், யோசிக்காமல் நடப்பதைத்தான் அது சொல்கிறது. மறைந்திருப்பதைச் சொல்வதில்லை. பிசிசியில் இருப்பவரோ எல்லாவற்றையும் பார்க்கிறார். அவரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அவரைக் குருட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தால் பொருள் தலைகீழாகிறது. தெரு விஷயத்தில் மட்டும் நமக்குப் புத்தி இருந்திருக்கிறது. பிளைண்ட் ஆலியை நாம் முட்டுச்சந்து என்றுதானே சொல்கிறோம்? பார்வையற்றவர்களும் வேலைபார்க்கும் அலுவலகத்தில் இந்தச் சொல்லைச் சுற்றுக்கு விடுவது நாகரிகமும் இல்லை.

‘நகல்’ கூடாது என்று சண்டைக்கு வரும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அது அரபு வழி வந்ததாம். ‘மறைபடி’ என்று எழுத வேண்டுமாம். படி நல்ல தமிழ்ச்சொல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த கிழவர், நீ கிழித்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று வெண்ணெய்நல்லூர்ச் சபையில் சொல்வார். காப்பிக்கும் ஒரிஜினலுக்கும் இதைவிடத் தெளிவான இணை எந்த அகராதியில் கிடைக்கும்? ஆனால் இன்றைய அலுவலகத்தில் படி என்றால் பயணப்படி, அகவிலைப்படி. ‘மறைபடி அனுப்பினேன்’ என்று சொல்லிப்பாருங்கள். லஞ்ச ஒழிப்புத் துறை வந்து நிற்கும். நண்பர் அசரவில்லை. அடுத்த நாளே ‘கரவுப்படி’யோடு வந்தார். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் கரந்துறை செய்யுள் நம் சித்திரக்கவியில் உண்டு. அதை நினைத்துச் சொன்னாராம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கரவு என்றால் வஞ்சகம் என்றும் பொருள். ஐம்பது வாடிக்கையாளர்களுக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் காப்பதற்கும் இதே கட்டம்தான். அதில் என்ன வஞ்சகம்?

நகலுக்கு வருவோம். பத்திரப்பதிவு அலுவலகம், நீதிமன்றம், தாலுகா அலுவலகம் எங்கும் அசலும் நகலும்தான் புழங்குகின்றன. அரசுக் கடிதங்களின் அடியில் ‘நகல்:’ என்று போட்டுப் பெயர்களை எழுதும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே சிசிக்கு ‘நகல்’, பிசிசிக்கு ‘மறைநகல்’. இது நான் புதிதாகச் செய்ததல்ல, பலரும் எழுதிவருவதுதான். அரபும் தமிழும் ஒட்டிக்கொண்டதால் யாருக்கும் நோவு இல்லை. ‘கார்பன் நகல்’ மட்டும் வேண்டாம். கார்பன் தாளைத் தொட்டே பார்க்காதவர்களிடம் அது எதைச் சொல்லும்?

இந்தக் கோளாறுக்கு மொழிபெயர்ப்பவரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். திரையைக் காட்டாமல், சொற்களை மட்டும் அட்டவணையில் போட்டுக் கொடுத்து, நாளைக்குள் வேண்டும் என்றால் யாருக்குத்தான் சரியாக வரும்? ‘மேலனுப்பு’ என்று வரவேண்டிய ஃபார்வர்ட் பொத்தான் ‘முன்னோக்கி’ என்று வருவதும் இப்படித்தான். ஆனால் வந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாமே! அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

சுற்றறிக்கையைத் திருத்தச் சொல்லி, அதை எழுதிய பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் மறுநாள் ஒரு மின்னஞ்சல் போட்டேன். ஒரு பாதுகாப்புக்காக என் மேலாளரை மறைநகலில் வைத்திருந்தேன். பத்தே நிமிடத்தில் “நல்ல யோசனை” என்று பதில் எழுதினார், அனைவருக்கும்.