தேக்கா என்று கேட்காதீர்கள்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. வளவில், முற்றத்தை ஒட்டி ஒரு பழைய கிராண்ட் பியானோ, அதன்மேல் குத்துவிளக்கு. சுருதி சேர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆச்சி முதலில் கேட்டது: "பர்மாத் தேக்குதானே தம்பி?"

செட்டிநாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். தூணுக்கும் நிலைக்கும் தேக்கு சரி. பியானோவின் குரலோ ஸ்ப்ரூஸ் என்ற இலேசான மரத்தில் இருக்கிறது. கம்பிகளுக்கு அடியில், ஒலியைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டு அதுதான். கனம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. லேசாக மேலே வளைத்து ஒட்டியிருப்பார்கள். கச்சேரி மேடைக்குச் செய்யும் ஸ்டெயின்வே கம்பெனியின் டி மாடல் கிராண்ட் 274 செ.மீ. நீளம். அதன் வெளிச்சுற்று, மேப்பிள் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டி ஒரே மூச்சில் வளைத்தது. கம்பிகள் சேர்ந்து இழுப்பது சுமார் 20 டன். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்கும். ஆனால் கம்பிகளின் முனையைச் சுற்றி முறுக்கிச் சுருதி ஏற்றும் இருநூற்றுச் சொச்சம் பின்களும் மரத்தில் அடித்தவை. நட்டு கிடையாது, மரத்தின் பிடி மட்டும்தான்.

ஆச்சி வீட்டில் அந்தப் பிடிதான் போயிருந்தது. துருப் பிடிக்கிறதே என்று யாரோ பின்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பின்னில் சுருதிச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். சேற்றில் நட்ட குச்சி மாதிரி சுற்றியது. சுருதி ஏறியது, கையை எடுத்ததும் இறங்கிவிட்டது. நல்லெண்ணத்தில் செய்த வேலை, என்ன சொல்ல?

பழைய கிராண்ட் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பில் மயங்க வேண்டாம். பாலிஷ் காரைக்குடியிலேயே போட்டுவிடலாம். டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். சவுண்ட்போர்டுக்குக் கீழே ஓடும் நீளமான மரச்சட்டம் ஒன்றின் இரு முனையிலும் நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் வளைவு இன்னும் இருக்கிறது. சின்ன விரிசலை ஒட்டிவிடலாம். பின்கள் பிடிக்கவில்லை என்றால் யோசியுங்கள். செலவு பியானோ விலையையே தாண்டிவிடலாம்.

அப்புறம், முற்றத்து ஓரம் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருதி இறங்கும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து ஏறும். உள்சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். ரொம்ப நாள் தொடாத பியானோவை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றச் சொல்லி ட்யூனரை நெருக்காதீர்கள், கம்பி அறுந்துவிடலாம்.

கிளம்பும்போது ஆச்சி விடவில்லை. "சரி, மூடியாவது தேக்கா?"

மகோகனி, அதுவும் மேலே ஒட்டிய தகடு என்றேன். காப்பி வந்தது, பேச்சு வரவில்லை.