பெல்லட் ஆலைக்கு மத்திய அரசு நிதியுதவி: டெல்டாவில் யாருக்கு, எவ்வளவு, எப்போது?

குளிர்நாடுகளில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை அடுப்பிலிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ அந்தத் தேவை யாருக்கும் எழப்போவதில்லை. இங்கே தீ வேண்டியிருப்பது நெல் அவிக்கும் கொதிகலனுக்கும், கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுக்கும், மாணவர் விடுதிகளுக்கும்தான். அந்த எரிபொருளைத் தயாரிக்கும் ஆலைக்கு மத்திய அரசு நிதியுதவி தருகிறது. தயாரிப்பவருக்கு மட்டுமே உரிய உதவி இது. வாங்கி எரிப்பவருக்கோ, வைக்கோலை விற்கும் உழவருக்கோ இதில் நேரடித் தொகை எதுவும் கிடையாது. தங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும் என்று எதிர்பார்த்து அலைபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில், இந்த உதவி அடங்கிய தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. அதன் முதற்கட்டம் 2021-22 முதல் 2025-26 வரையிலான நிதியாண்டுகளுக்கு உரியது. அதற்குப் பிறகு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், கடனுக்குக் கையெழுத்திடுவதற்கு முன்பே, அப்போது நடப்பிலுள்ள வழிகாட்டுதலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை, ஆலை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டன் தயாரிக்கவல்லது என்பதைப் பொறுத்தது. கட்டியாக அழுத்தும் பிரிக்கெட் ஆலைக்கு, மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம் ரூபாய் வீதம், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சமாக 45 லட்சம் ரூபாய். பெல்லட் ஆலைக்கான தொகை 2024இல் உயர்த்தப்பட்டது. அதன்படி சாதாரணப் பெல்லட்டுக்கு, மணிக்கு ஒரு டன் திறனுக்கு 21 லட்சம் ரூபாய் அல்லது ஒரு டன் ஆலையின் இயந்திர முதலீட்டில் 30 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும்; உச்சவரம்பு 1.05 கோடி ரூபாய். காற்றுப் புகாமல் வறுத்துத் தயாரிக்கும் பெல்லட்டுக்கு டன்னுக்கான தொகையும் உச்சவரம்பும் இரு மடங்கு; 30 சதவீதம் என்ற அளவு மாறாது.

'எது குறைவோ அது' என்ற சொற்களில்தான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு டன் ஆலைக்கான இயந்திரங்களின் விலை 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் 18 லட்சம். ஆகவே மணிக்கு 2 டன் தயாரிக்கும் ஆலைக்கு 36 லட்சம்தான் வரும், 42 லட்சம் வராது.

இந்தத் தொகை முன்பணமும் ஆகாது. அமைச்சகத்தின் பயோஊர்ஜா இணையதளத்தில் விண்ணப்பித்து, கொள்கையளவில் ஒப்புதல் பெற்று, சொந்தப் பணத்திலோ வங்கிக் கடனிலோ ஆலையை நிறுவி, அதை ஓட்டிக் காட்டி, ஆய்வு முடிந்த பிறகே உதவி விடுவிக்கப்படும். அதுவரை வட்டியைத் தாங்கும் வலு இல்லாதவர், மானியத்தை நம்பி மட்டும் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. 2025 ஜூனில் வெளியான திருத்தத்தின்படி, ஆலை 80 சதவீதத்துக்கு மேற்பட்ட செயல்திறனுடன் ஓடினால் முழுத்தொகையும், அதற்குக் கீழே போனால் விகிதப்படி குறைத்தும் தரப்படும். இரண்டாண்டு விற்பனை ஒப்பந்தம் காட்டியாக வேண்டும் என்ற பழைய நிபந்தனைக்குப் பதிலாகப் பொதுவான விற்பனை ஒப்பந்தமே போதும் என்று அதே திருத்தம் தளர்த்தியிருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு இது பெரிய ஆறுதல்.

டெல்டாவில் ஆலை என்றாலே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் குறுக்கே நிற்குமோ என்ற ஐயம் எழும். 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு அகழ்வு, தாமிர உருக்காலை, இரும்பு உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் போன்றவற்றைத் தடுக்கிறது. அந்தத் தடைப் பட்டியலில் பெல்லட் தயாரிப்பு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றின் அனுமதிகளை வழக்கம்போல் பெற வேண்டும்.

மூலப்பொருளில்தான் டெல்டாவின் கணக்கு மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. பஞ்சாபில் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோல், இங்கே மாட்டுக்குத் தீவனம். குறுவை அறுவடை மழையில் மாட்டி, நனைந்து கறுத்து, மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளும் வைக்கோலும், அரிசி ஆலைகளில் மிஞ்சும் உமியும், கடலோரத்துச் சவுக்குக் கழிவும், கடலைத்தோலும்தான் பெல்லட்டுக்கு ஏற்றவை. நல்ல வைக்கோலுக்கு ஆலை போட்டிபோட்டால் பால்மாடு வைத்திருப்பவர் வயிற்றில் அடித்ததாகிவிடும். நனைந்ததை உலர்த்தாமல் இயந்திரத்தில் இடவும் முடியாது; ஈரம் மிகுந்தால் பெல்லட் இறுகாமல் உதிரும்.

சாம்பலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் வீட்டு அடுப்புக்கு விற்கும் முதல்தர மரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெல் உமியிலோ அது ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம். வைக்கோலின் சாம்பல் உருகிக் கட்டிதட்டி அடுப்புத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். எனவே விறகடுப்பில் இதை அள்ளிப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காற்று விசிறியும் சாம்பல் தள்ளும் வசதியும் கொண்ட எரிப்பான் வேண்டும். அப்படி எரித்தால் உலர்ந்த பெல்லட் விறகைவிடக் குறைந்த புகையுடன் சீராக எரியும். உதிரி வைக்கோலைவிட மிகக் குறைந்த இடத்தில் அதை அடுக்கி வைக்கலாம்.

வாங்குவோர் பற்றியும் ஒரு சொல். நிலக்கரி அனல்மின் நிலையங்கள் 5 சதவீதம் உயிரிப் பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்டது. அந்தச் சந்தை பெரியது. ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் கேட்கும் அளவைத் தவறாமல் அனுப்புவது சிறு ஆலைக்கு எளிதல்ல. பக்கத்து ஊர் அரிசி ஆலையும் மண்டபமும் வாங்கும் எனில், தொடக்கத்தில் அவர்களோடு விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அதையே விண்ணப்பத்துடன் இணைப்பது நடைமுறைக்கு உகந்தது.