இந்தோனேசிய மொழியில் ‘உடைய’வைத் தேடாதீர்கள்

இந்தோனேசிய மொழி படிக்க உட்காரும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, ‘உடைய’ என்பதற்கு என்ன சொல் என்று. அப்படி ஒரு சொல்லே இல்லை. ‘ரூமாஹ்’ என்றால் வீடு, ‘சாயா’ என்றால் நான். ‘ரூமாஹ் சாயா’ என்றால் என் வீடு. வேற்றுமை உருபு கிடையாது, சாரியை கிடையாது, ‘நான்’ என்பது ‘என்’ என்று திரிவதுபோல ‘சாயா’ திரிவதும் கிடையாது. பொருள் முன்னால், உடையவர் பின்னால் என்ற வரிசைதான் எல்லா வேலையையும் செய்கிறது.

இது தமிழின் நேர் தலைகீழ். ‘என் நண்பனின் அண்ணன் வீடு’ என்பதைக் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லுங்கள்: ரூமாஹ் காக்காக் தெமான் சாயா. வீடு, அண்ணன், நண்பன், நான். (‘காக்காக்’ அக்காவுக்கும் பொருந்தும்.) மேசைக்கால் என்பதும் ‘காக்கி மேஜா’, அதாவது கால் மேசை. இந்தத் திருப்பம் வாயில் படிந்துவிட்டால் பாதி இலக்கணம் முடிந்தது. படியாதவர்கள் இடையில் ‘டாரி’ என்று செருகுகிறார்கள். அதற்கு ‘இருந்து’ என்று பொருள். ‘என் வீடு’ என்பதற்கு ‘ரூமாஹ் டாரி சாயா’ என்பது சரியான வழக்கு அல்ல.

நிறமோ அளவோ சேரும்போது கவனம் வேண்டும். ‘பாஜு மேராஹ் சாயா’ என்றால் என் சிவப்புச் சட்டை. ‘பாஜு சாயா மேராஹ்’ என்றால் என் சட்டை சிவப்பு. அது முழு வாக்கியம். அடைச்சொல் பொருளை ஒட்டி நிற்க வேண்டும், உடையவர் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

பேச்சில் குறுகிய ஒட்டுகள் மூன்று உண்டு: க்கு, மு, ஞா. ‘நாமா’ என்றால் பெயர். நாமாக்கு என் பெயர், நாமாமு உன் பெயர், நாமாஞா அவன் அல்லது அவள் பெயர். எழுதும்போது இடைவெளி விடாமல் சேர்த்தே எழுத வேண்டும். ‘மு’ என்பது நம் ‘உன்’ மாதிரி. வயதில் மூத்தவரிடமும் அலுவலகத்திலும் அதைத் தொடவே கூடாது. ஆணானால் ‘பாப்பாக்’, பெண்ணானால் ‘ஈபு’ என்று உறவுச்சொல்லையே உடையவர் இடத்தில் வையுங்கள். ‘ரூமாஹ் பாப்பாக்’ என்றால் உங்கள் வீடு. ‘ஐயா வீடு எங்கே’ என்று நாம் கேட்பதைப் போல. பெயர் கேட்கும்போது இன்னொரு வழுக்கல்: ‘என்ன’ என்பதற்கான ‘ஆப்பா’ வராது, ‘யார்’ என்பதற்கான ‘சியாப்பா’தான் வரும். சியாப்பா நாமா பாப்பாக்?

‘ஞா’ பலரைக் குழப்புகிறது. ‘சியாப்பா நாமாஞா?’ என்று உங்கள் முகத்தைப் பார்த்தே ஒருவர் கேட்டால், வேறு யாரைப் பற்றியோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். உங்கள் பெயரைத்தான் நேரடியாகச் சுட்டாமல் நயமாகக் கேட்கிறார். கடையில் ‘பெராப்பா ஹார்காஞா?’ என்பதில் உடையவர் எவரும் இல்லை. கையிலிருக்கும் அந்தப் பொருளின் விலை என்ன என்பதுதான்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. எங்கள், நம் என்ற வேறுபாடு அந்த மொழியிலும் அப்படியே உண்டு. ‘ரூமாஹ் காமி’ எங்கள் வீடு, ‘ரூமாஹ் கீத்தா’ நம் வீடு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில் நெடுநாள் தடுமாறுவார்கள். ஆங்கிலப் பாடநூலை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலேயே யோசியுங்கள்.

‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்பதில்தான் தமிழ் காலை வாரிவிடும். ‘எனக்கு’ என்பதற்கு ஒரு சொல்லைத் தேடிப் போனால் வாக்கியம் கெடும். அங்கே நான் எழுவாயாகவே நிற்கிறேன்: சாயா பூஞா டுவா ஆடிக். ‘பூஞா’ என்பது உடைமையைச் சொல்லும் வினை, ‘டுவா’ இரண்டு. (‘ஆடிக்’ தம்பிக்கும் பொருந்தும்.) எழுத்து நடையில் ‘பூஞா’வுக்குப் பதில் ‘மெமிலிக்கி’. மலேசியாவில் சந்தை மலாய் பேசிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ‘சாயா பூஞா ரூமாஹ்’ என்றால் என் வீடு. இந்தோனேசியாவில் அதுவே ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்றாகிவிடும்.

உடலோடும் உறவோடும் சேர்ந்தவற்றுக்கு ‘பெர்’ என்ற முன்னொட்டு அழகாக வரும். ‘இஸ்த்ரி’ மனைவி, பெரிஸ்த்ரி என்றால் மணமான ஆண். ‘சுவாமி’ கணவன், பெர்சுவாமி என்றால் மணமான பெண். இரண்டும் வடமொழியிலிருந்து போன சொற்கள் என்பதால் நமக்கு மறக்காது.

பத்திரங்களில் நிற்கும் ‘மீலிக்’ என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். ‘ஈனி மீலிக் சாயா’ என்றால் இது என்னுடையது. அன்றாடப் பேச்சில் அவ்வளவுதான். நிலப் பத்திரத்தில் ‘ஹாக் மீலிக்’ என்பது முழு உடைமை உரிமை. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி தனிநபர்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே அது உண்டு. வெளிநாட்டவர் பெறக்கூடியவற்றில் ஒன்று ‘ஹாக் பாக்காய்’, பயன்படுத்தும் உரிமை. தரகர் பேச்சில் இரண்டையும் ‘பூஞா’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். கையெழுத்துப் போடுமுன் தாளில் ‘ஹாக்’ என்ற சொல்லுக்கு அடுத்து என்ன அச்சாகியிருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள்.