ஹராஸ்மென்ட்: தொல்லையா, சீண்டலா, துன்புறுத்தலா?

வேலைப்பளு கூடினாலும் 'ஹராஸ் பண்றாங்க' என்கிறோம். மேலாளர் தோளில் கை போட்டாலும் அதே சொல்தான். பேச்சில் இது ஓடிவிடும். புகார் மனுவில் ஓடாது.

பிரெஞ்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. ஓயவிடாமல் தாக்கிக் களைக்கச் செய்வது அதன் பழைய பொருள். வேட்டைநாயை ஏவுவதைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லோடு இதை உறவுபடுத்துவோரும் உண்டு. பணியிடத்தில் பெண்கள் படும் பாட்டுக்கு 'செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்ற பெயர் 1975இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பெண்கள் வழியாகப் பரவியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதைச் சட்டச் சொல்லாக்கின.

அந்தப் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச்சொல் 'தொல்லை'. விடாமல் தொடர்வது என்ற சாயல் அதில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். 'ஒரு தடவைதானே, இதைத் தொல்லை என்று சொல்லலாமா?' என்று தயங்கியே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். சட்டத்துக்கு ஒரே ஒரு செயல் போதும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதனால் மனுவில் 'பாலியல் துன்புறுத்தல்' என்றே எழுதுங்கள். துன்புறுதல் படுபவர் வினை, துன்புறுத்தல் செய்பவர் வினை. செய்தவரை நோக்கி விரல் நீட்டும் சொல் அது.

'சீண்டல்', 'சில்மிஷம்' இரண்டும் குற்றத்தை விளையாட்டாக்குகின்றன. செய்தித்தாள்கள் இவற்றை விட்டொழிக்க வேண்டும். 1998இல் தமிழ்நாடு 'ஈவ் டீசிங்' என்ற பெயரிலேயே தடைச் சட்டம் கொண்டுவந்தது. கேலி என்று பொருள்படும் அந்தப் பெயர் பின்னர் நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம் என்றானது. 'வன்கொடுமை' எதிர்ப்பக்கம் இழுக்கும்: அது பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வல்லுறவையும் நினைவூட்டும் சொல்.

இன்னொரு மொழிபெயர்ப்புப் பிழை பெரிய கேடு செய்கிறது. சட்ட வரையறையின் உயிர்நாடியான 'அன்வெல்கம்' என்ற சொல்லை 'விரும்பத்தகாத' என்று பெயர்க்கிறார்கள். விரும்பத் தகாதது எது என்று ஊர்தான் தீர்ப்புச் சொல்லும். சட்டம் கேட்பது அந்தப் பெண் விரும்பினாரா என்பதை மட்டும். 'அவர் விரும்பாத' என்பதே சரி. 'நான் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை' என்ற வாதம் நிற்காமல் போவது இதனால்தான்.

'புல்லியிங்' 16ஆம் நூற்றாண்டில் 'அன்பே' என்று விளிக்கும் சொல்லாக இருந்து தலைகீழானது. தமிழில் 'மிரட்டிக் கொடுமைப்படுத்துதல்' எனலாம். பாலியல் தன்மை இல்லாத திட்டும் அவமதிப்பும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராது. உள்ளகப் புகார்க் குழுவிடம் அவற்றை மட்டும் கொண்டுபோனால் குழுவால் எடுத்துக்கொள்ள முடியாது. நிர்வாகத்திடம்தான் போக வேண்டும்.

மனுவின் 6 நகல்கள், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி தேவை. எழுத இயலாதவருக்குக் குழு உதவியாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால், அல்லது முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். விசாரணைக்கு 90 நாள் கெடு.

மனுக்களில் அதிகம் காணப்படும் 'தவறாக நடந்துகொண்டார்' என்ற வரி எதையும் சொல்வதில்லை. தேதி, நேரம், இடம், உடலின் எந்தப் பகுதியில் கை பட்டது என்று எழுத வேண்டும். அவர் சொன்ன வார்த்தை எவ்வளவு அசிங்கமானாலும் மேற்கோள் குறிக்குள் அப்படியே வர வேண்டும்.